உல்கு முதல் மின்னறிவிப்பு வரை

சுங்கம் என்றவுடன் நம் மாணவர்கள் விமான நிலையத்தையும் சீருடை அணிந்த அதிகாரியையுமே நினைக்கின்றனர். மலாய் மொழியில் அத்துறையின் பெயர் 'கஸ்தாம்' என்றிருத்தலால், அது நம் செவியில் 'கஷ்டம்' என்றே விழுகிறது எனப் பெரியோர் நகைப்பதும் உண்டு. ஆயின் அத்துறையின் பணி தமிழருக்குப் புதியதன்று.

உல்கு என்பது சுங்கத்தின் பழம்பெயர். அரசனுக்குரிய பொருள்களை வகுத்துரைக்கும் வள்ளுவர் உல்குபொருளையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறார்; பரிமேலழகர் அதற்குச் சுங்கம் என்றே உரை காண்கிறார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் உல்கு கொள்வோர் நாள்தோறும் ஓய்வின்றி உழைத்ததையும், கடலினின்று நிலத்துக்கும் நிலத்தினின்று கடலுக்கும் செல்லும் பண்டங்களின் மீது சோழனின் புலிப்பொறியை இட்டதையும் காட்டுகிறது. இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அப்பாடலில் பண்டத்தைக் காப்பவனும் அதிகாரி, முத்திரையிடுபவனும் அதிகாரி. 'நீ கொண்டு வந்தது யாது?' என வணிகனை வினவியதாகப் புலவர் பாடவில்லை. பண்டமே சான்றாக நின்றது. பின்னாளில் முதலாம் குலோத்துங்கன் 'சுங்கந் தவிர்த்த சோழன்' எனப் புகழ்பெற்றதிலிருந்து அவ்வரி மக்களை எவ்வளவு அழுத்தியிருக்கும் என்பதையும் நாம் உய்த்துணரலாம்.

நம் முன்னோர் கப்பலேறி இந்நாடுகளுக்கு வந்த காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1786இல் பினாங்கும் 1819இல் சிங்கப்பூரும் ஆங்கிலேயரால் தீர்வையற்ற துறைமுகங்களாக நிறுவப்பட்டன. அபின், மது, புகையிலை போன்ற சிலவற்றின் மீதே அரசின் கண் இருந்தது. சிங்கப்பூர்ச் சுங்கத்துறையின் தொடக்கமே 1910இல் அபினுக்காக அமைந்த அரசு ஏகபோகத் துறைதான் என்பது இன்று பலருக்கு வியப்பூட்டும். எனவே 'ரஜுலா' கப்பலின் மேல்தளத்தில் தகரப்பெட்டியோடு வந்திறங்கிய தொழிலாளி, தீர்வைக்குரியதென அறிவிக்க வேண்டியவை மிகச் சிலவே.

எல்லைகள் இறுகியபோதுதான் பயணியின் பை கணக்கிற்கு வந்தது. பினாங்கு தீர்வையற்ற நிலையை இழந்த 1969 வரை, தீவிலிருந்து பெருநிலத்துக்குப் படகில் கடப்போர் உள்நாட்டிலேயே சுங்கச் சோதனையைச் சந்திக்க நேர்ந்தது. 1965இல் சிங்கப்பூர் தனிநாடானது. ஈராண்டுகளில் ஜொகூர்ப் பாலத்தில் கடப்பிதழ்ச் சோதனையும் வந்தது. உறவினர் வீட்டுக்குக் கொண்டு சென்ற பலகாரக் கூடை, மாநிலம் விட்டு மாநிலம் போவதாயிராமல் நாடு விட்டு நாடு போவதாயிற்று.

பயணியர் பெருகவே, ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்ப்பது இயலாததாயிற்று. 1970களில் உலக நாடுகள் செவ்வழி, பசுவழி என்னும் இருவழி முறையை மேற்கொள்ளத் தொடங்கின. இம்மாற்றத்தின் ஆழத்தை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. பசுவழியில் நடப்பதே, 'தீர்வைக்குரியது என்னிடம் எதுவுமில்லை' என்று எழுத்தின்றி, சொல்லின்றிச் செய்யும் வாக்குமூலம் ஆகும். புகாரில் அதிகாரியிடமிருந்த பொறுப்பு இவ்வாறு பயணியின் கால்களுக்கு மாறியது.

மின்னணு முறையைப் பொறுத்தவரை, சரக்கே மனிதனை முந்திக்கொண்டது. வணிகச் சரக்குகளுக்கான அறிவிப்பைக் கணினிவழி அனுப்பும் 'டிரேட்நெட்' கட்டமைப்பைச் சிங்கப்பூர் 1989இல் தொடங்கியது. நாள்கணக்கில் காத்திருந்த ஒப்புதல்கள் நிமிடங்களில் கிடைத்தன. பயணியோ அதற்குப் பின்னும் முப்பதாண்டுகள் விமான இருக்கையில் அமர்ந்து எழுதுகோலை இரவல் கேட்டுக்கொண்டிருந்தார். 2020 மார்ச்சில்தான் சிங்கப்பூரில் தாள் வருகை அட்டை மறைந்தது. மலேசியா 2024 ஜனவரி முதல் வெளிநாட்டுப் பயணியருக்கு மின்னிலக்க வருகை அட்டையைக் கட்டாயமாக்கியது. சிங்கப்பூரர் முதலிய சிலருக்கு விலக்குண்டு. இவை குடிநுழைவுக்குரியவை, சுங்க அறிவிப்பு அல்ல. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு, 'நான்தான் கைப்பேசியில் நிரப்பிவிட்டேனே' என்று பசுவழியில் நடப்பவர் சிக்கலுக்குள்ளாவார். சுங்கத்துக்குரியதைத் தனியே அறிவித்தல் வேண்டும். சிங்கப்பூரில் தீர்வையையும் பொருள் சேவை வரியையும் வந்திறங்குமுன்பே இணையவழி செலுத்திவிட்டுப் பசுவழியில் செல்லலாம். 20,000 வெள்ளிக்கு மேற்பட்ட ரொக்கத்தைக் கொண்டு செல்வோர் மின்னறிவிப்பே செய்ய வேண்டுமென 2024 மே மாதம் அங்கே விதிக்கப்பட்டது.

புலிப்பொறியும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. சிங்கப்பூரில் 2009 முதல், தீர்வை செலுத்தப்பட்ட சிகரெட் ஒவ்வொன்றின் மீதும் அதற்கான அடையாளம் பொறிக்கப்பட வேண்டுமென விதியாயிற்று. அந்நாட்டிற்குள் வரும் பயணிக்குச் சிகரெட்டில் தீர்வைச் சலுகை ஏதுமில்லை. சட்டைப்பையில் பிரித்த பெட்டியோடு ஜொகூரிலிருந்து செல்லும் முதியவர் செவ்வழியை நாட வேண்டியவரே.

ஆனால் அம்முதியவருக்கு இது யார்வழித் தெரியவரும்? முன்னாளில் கப்பலில் எழுதத் தெரிந்த ஒருவர் பத்துப் பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தார். படிக்கக் கேட்டபின் அவர்கள் கைந்நாட்டு வைத்தனர். இன்று பேரப்பிள்ளை கூடத்தில் அமர்ந்தவாறே விசைகளைத் தட்டி முடித்துவிடுகிறான், படித்துக் காட்டுவதில்லை. சட்டத்தின் முன் அவ்வறிவிப்பு முதியவரின் சொல்லாகவே நிற்கிறது.