கணவாய்க்கு மேலே ஒரு தாலூகா

கிருஷ்ணகிரியை விட்டு வடமேற்கே புறப்படும் நெடுஞ்சாலை, மேலுமலையில் ஏறிச் சூளகிரியைக் கடந்த பின்பு, ஏறிய ஏற்றத்துக்கு ஈடாக எங்கும் இறங்குவதில்லை. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் ஓசூரையும், அதற்கு அப்பால் அநேகமாக அதே மட்டத்தில் அத்திப்பள்ளியையும் பெங்களூரையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. மண்ணும் காற்றும் கேழ்வரகுக் கொல்லைகளும் ஒரே தன்மையாக இருக்கும் இந்தப் பீடபூமியை, மலைச்சரிவு என்னும் இயற்கையான வரம்பு இருக்கும்போதே அதை விட்டுவிட்டு, மேலே சமதரையில் ஒரு கோடு இழுத்து, ஜூஜுவாடிக்கு இந்தப்புறம் ஓர் அரசு, அந்தப்புறம் ஓர் அரசு என்று வகுத்துவைத்தவர்கள் எவர், எதற்காக என்று பூகோளத்தைக் கேட்டால் பதில் கிடைக்காது. மைசூர் என்ற ராஜ்யத்துக்கும், அதைச் சுற்றி வளர்ந்துகொண்டே வந்த ஆங்கிலக் கும்பினிக்கும் இடையே நடந்த உடன்படிக்கைகளைத்தான் கேட்க வேண்டும்.

தொடக்கத்தில் மைசூரைச் சிறிய தேசம் என்று சொல்ல எவரும் துணிந்திருக்கமாட்டார்கள். 1767-இல் மூண்ட முதல் மைசூர் யுத்தத்தில் ஆங்கிலத் தளபதி ஜோசப் ஸ்மித்தின் சேனை கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கிப் பார்த்து ஏமாந்தது. மறு ஆண்டில் அந்தக் கோட்டை ஆங்கிலேயர் வசம் வந்ததாயினும், அதே ஆண்டு நவம்பரில், ஓசூரை முற்றுகையிட்டிருந்த, மைசூரை ஆண்ட ஹைதர் அலியை விரட்டுவதற்காகக் கர்னல் வுட் தன் மூட்டை முடிச்சுகளையும் பெரிய பீரங்கிகளையும் பாகலூரில் வைத்துவிட்டுப் புறப்பட, ஹைதரோ அவருக்குப் போக்குக் காட்டிவிட்டுப் பாகலூர்ப் பேட்டையில் புகுந்து பீரங்கிகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வசந்தத்தில் அவருடைய குதிரைப்படை சென்னைப் பட்டணத்தின் வாசலிலேயே வந்து நின்றபோது, கோட்டைக்குள் இருந்த துரைமார்கள் 1769 ஏப்ரலில் உடன்படிக்கைக்கு இணங்கினார்கள். பிடித்த இடங்களைப் பெரும்பாலும் பரஸ்பரம் திருப்பிக்கொடுப்பது, ஒருவர்மீது அந்நியர் படையெடுத்தால் மற்றவர் துணைக்கு வருவது என்பவை அதன் சாரம். மராத்தியர் மைசூர்மீது பாய்ந்தபோது ஹைதர் அந்த இரண்டாவது ஷரத்தை நினைவூட்டி உதவி கேட்டார், கும்பினி கைவிரித்துவிட்டது. சமபலத்தோடு கையெழுத்திட்ட உடன்படிக்கையும் இந்தக் கதியை அடைந்ததைக் கண்ட ஹைதரின் மனத்தில், அதன் பின்பு கும்பினியின் வாக்குக்கு மதிப்பிருக்கவில்லை என்பதில் வியப்பில்லை.

இருபது ஆண்டுகளில் தராசு சாய்ந்துவிட்டது. 1791 மே மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் அருகு வரை சென்று, பசியினாலும் மழையினாலும் பீரங்கிகளை உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பிய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், அடுத்த முயற்சிக்கு முன்னால் செய்த முதற்காரியம், கர்நாடகச் சமவெளியிலிருந்து பெங்களூருக்குத் தானியமும் பணமும் வரக்கூடிய பாலக்கோட்டுக் கணவாய்ப் பாதையைத் தன் வசப்படுத்திக்கொண்டதே. ஜூலையில் ஹைதரின் மகன் திப்புவின் காவற்படை ஓசூரைக் காலி செய்தது. ராயக்கோட்டையின் கீழ்க்கோட்டையை மேஜர் கௌடி தாக்கிப் பிடிக்க, மலைமேலிருந்த கோட்டையும் பணிந்தது. நவம்பரில் மாக்ஸ்வெல் ஓர் இரவில் கிருஷ்ணகிரியின்மீது ஏறிப்பார்த்து, பேட்டையைக் கைப்பற்றியும் உச்சிக்கோட்டையைத் தொட முடியாமல் இறங்கினார். இன்று சையத் பாஷா மலையை அடிவாரத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு அந்தத் தோல்வியின் காரணத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை.

படைபலத்தால் கிட்டாத அந்தக் கோட்டை, காகிதத்தால் கிட்டியது. 1792 பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டணம் சூழப்பட்டபோது திப்பு சமாதானம் கோரினார். ராஜ்யத்தில் சரிபாதி, 3 கோடியே 30 லட்சம் ரூபாய், இவற்றை நிறைவேற்றும் வரையில் இரண்டு புதல்வர்கள் பிணை. பத்து வயதை ஒட்டிய அப்துல் காலிக்கும், அவனுக்கு இளையவனான முயிசுத்தீனும், வெள்ளை மஸ்லின் அங்கியும் சிவப்புத் தலைப்பாகையும் முத்துமாலைகளும் அணிந்து, யானைமீது ஆங்கிலேயர் பாசறைக்குள் வந்தார்கள். பீரங்கிகள் மரியாதைக்கு முழங்கின. அவர்களை அழைத்துவந்தவர் குலாம் அலி கான். சில ஆண்டுகளுக்கு முன்பு திப்புவின் தூதராகக் கான்ஸ்டாண்டிநோபிளில் துருக்கிச் சுல்தானின் தர்பாரைக் கண்டவர். அவ்வளவு தூரம் சென்று உதவி தேடிய மனிதர், இப்போது தம் எஜமானின் மக்களைப் பகைவர் கையில் பிடித்துக்கொடுத்து, இனி இவர்களுக்குத் தாங்களே தந்தை என்ற பொருள்படப் பேசினார் என்பதைப் படிக்கும்போது, தூதுத் தொழிலின் துயரம் இதைவிட வேறில்லை என்று தோன்றுகிறது. காரன்வாலிஸ் சிறுவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தங்கக் கடிகாரம் பரிசளித்தார். ஓசூரில் இன்று கைக்கடிகாரம் செய்து பிழைக்கும் குடும்பங்கள் பல. இந்தப் பரிசைப் பற்றி அவர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்களோ!

மார்ச் மாதத்தில் கையெழுத்தான அந்த உடன்படிக்கையால் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் முழுவதும் கும்பினிக்குச் சென்றது. ஓசூர் மைசூரிலேயே நின்றது. எல்லை ஏறக்குறைய மலைச்சரிவை ஒட்டியே அமைந்தது. இயற்கைக்கு இசைந்த அந்த ஏற்பாடு ஏழே ஆண்டுகள்தான் நிலைத்தது. கிருஷ்ணகிரியில் கிரகாம், தருமபுரியில் தாமஸ் மன்றோ, இவர்களுக்குத் தலைவராகத் திருப்பத்தூரில் அலெக்ஸாண்டர் ரீட் என்று அமர்ந்து, குடியானவனின் வயலை நேரே அளந்து அவனிடமே தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் வித்திட்டார்கள். ஆனால் அந்த ரீட், யுத்த காலத்தில் ஒற்றுச் செய்திகள் திரட்டும் இலாகாவை நடத்தியவர் என்பதை மறக்கலாகாது. நிலம் அளந்த கை எல்லைக்கு அப்பாலும் அளந்துகொண்டிருந்தது. மன்றோவோ, திப்புவைப் பாதி ராஜ்யத்தோடு விட்டுவைத்ததே தவறு என்று அப்போதே கடிதங்களில் குறைப்பட்டுக்கொண்டார்.

திப்புவின் நிலையை எண்ணிப் பாருங்கள். அண்டை அரசுகளான நிஜாமும் மராத்தியரும் பங்காளிகளாகக் கும்பினியின் பக்கம் சாய்ந்துவிட்டபடியால், அவர் காபூலுக்கும், கடல் கடந்து பிரெஞ்சுக்காரரின் மொரிஷியஸுக்கும் ஆள் அனுப்பினார். 1798 ஜனவரியில் அந்தத் தீவின் கவர்னர் மாலார்திக், ரகசியமாக இருந்திருக்க வேண்டிய விஷயத்தைப் பகிரங்க அறிக்கையாக வெளியிட்டு ஆள் சேர்த்தார். வந்து சேர்ந்தவர்களோ ஏறத்தாழ நூறு பேர். அந்த நூறு பேரைக் காரணமாகக் காட்டிக் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி யுத்தம் தொடுத்தார். 1799 மார்ச் 5-ஆம் தேதி தளபதி ஹாரிஸின் சேனை மைசூர் எல்லையைத் தாண்டிக் கெலமங்கலம், ஆனேக்கல் வழியாகச் சென்றது. மே 4-ஆம் தேதி திப்பு கோட்டைவாயிலில் வீழ்ந்தார்.

பங்கீட்டுக்கென்று அமைந்த குழுவின் காரியதரிசிகள் இருவரில் ஒருவர் மன்றோ. ஐந்து வயதுக் கிருஷ்ணராஜ உடையாரைச் சிங்காதனத்தில் அமர்த்தி, பூர்ணையாவைத் திவானாக்கி, ஆண்டுக்கு 7 லட்சம் வராகன் கப்பம், கும்பினியின் அனுமதியில்லாமல் எந்த அந்நிய அரசோடும் கடிதத் தொடர்பு கூடாது என்னும் நிபந்தனைகளோடு ஒரு சிறிய மைசூரைப் புதிதாகப் படைத்தார்கள். படைத்த கையோடு, மேட்டுநிலத்தின்மீது கணவாய்களின் தலைவாசலாக நிற்கும் கோட்டைகளைத் தம்மிடமே வைத்துக்கொள்வது என்றும் தீர்மானித்தார்கள். ஓசூர் கும்பினிக்குச் சென்று சேலம் ஜில்லாவோடு சேர்ந்தது இந்தக் கணக்கில்தான். வருமானத்துக்காக எடுத்த ஊரன்று. இனி ஒருபோதும் மைசூர் தன் கதவைத் தானே சாத்திக்கொள்ளக் கூடாது என்பதற்காக வாசற்படியில் ஊன்றிய கால் அது.

அதற்குப் பின்பு வந்தவை அதன் விளைவுகளே. 1831-இல் மைசூரின் நிர்வாகத்தை ஆங்கிலேயர் பறித்தார்கள். 1881-இல் திருப்பிக்கொடுத்தபோது ஆண்டுக் கப்பத்தை இருபத்து நாலரை லட்சம் ரூபாயிலிருந்து 35 லட்சமாக உயர்த்த நிபந்தனை விதித்தார்கள். 1892 பிப்ரவரி 18-ஆம் தேதி, பெண்ணையாறு உள்ளிட்ட 15 முக்கிய நதிகளில், சென்னை அரசாங்கத்தின் முன்சம்மதமின்றிப் புதிய பாசன அணை கட்டுவதில்லை என்று மைசூர் ஒப்புக்கொண்டது. காவிரியின் கண்ணம்பாடி அணை பற்றிய தகராறில் 1914-இல் நடுவர் கிரிஃபின் அளித்த தீர்ப்பு மைசூருக்குச் சாதகமாக இருந்தும், சென்னை விடாமல் இந்தியா மந்திரி வரைக்கும் போய் அதைக் கிளறி, 1924-இல் இன்னோர் ஒப்பந்தத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. வழக்காடுபவரில் ஒருவரும் தீர்ப்பளிப்பவரும் ஒரே குடும்பத்தார் என்றால், சிறியவன் வென்றாலும் வழக்கு முடிவதில்லை.

1956-இல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது, கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் கேட்கும் ஓசூர் சென்னை ராஜ்யத்திலேயே நின்றது. வெல்லெஸ்லி பிரித்தெடுத்த அதே தாலூகாவில், தொரப்பள்ளி என்ற சிற்றூரில் 1878-இல் பிறந்த ராஜகோபாலாச்சாரியார், வெல்லெஸ்லி வகித்த கவர்னர் ஜெனரல் பதவியைக் கடைசியாக வகித்து அதற்கு மங்களம் பாடினார். பிற்பாடு 1970-களில் சிப்காட் இங்கே தொழிற்பேட்டை அமைத்தபோது, பெங்களூரின் சந்தையும் தமிழ்நாட்டின் சலுகைகளும் ஒரே இடத்தில் கிடைத்தபடியால், பல ஆலைகள் எல்லைக்கு இந்தப்புறம் வந்து வரிசையாக நின்றன. பீரங்கி வண்டிக்காக ஊன்றிய கால், லாரிக்கும் பயன்பட்டது.

தண்ணீரில் மட்டும் நிலைமை தலைகீழாகிவிட்டது. பெரிய அரசின் வாரிசு கீழே இருக்கிறது, சிறிய அரசின் வாரிசு நதியின் தலைமாட்டில் இருக்கிறது. யார்கோல் அருகே, பெண்ணையாற்றின் துணைநதியான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் அணை எழுப்பியபோது, அந்த நதி வந்து சேரும் கிருஷ்ணகிரியின் பாசனத்துக்காகத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் கொண்டுபோய் வைத்தது அந்த 1892-ஆம் ஆண்டுக் காகிதத்தையே. 2019 நவம்பரில் நீதிமன்றம் தமிழ்நாட்டின் மனுவை ஏற்காமல், நடுவர் மன்றம் வேண்டுமானால் மத்திய அரசை அணுகலாம் என்று சொல்லியனுப்பியது.