மினமாட்டாவின் புது மீன்

மும்பையாயினும் கொல்கத்தாவாயினும், மீன் வாங்குங்கால் செவுளைத் தூக்கிப் பார்ப்பது நம்மவர் வழக்கம். செவுள் சிவந்திருப்பின் மீன் புதிது, ஆகவே நல்லது என்று தெளிகிறோம். ஜப்பானில், கியூஷு தீவின் மினமாட்டாக் கரையில் வாழ்ந்த மீனவரும் அன்றன்று பிடித்த புது மீனையே உண்டனர். அந்த மீன்தான் அவர்களுக்கு நஞ்சாயிற்று.

1950-களில் அவ்வூர்ப் பூனைகள் சுழன்றாடிக் கடலில் விழுந்து மடிந்தன. பின்னர் மனிதர்க்கும் விரல்கள் மரத்தன, நாக் குழறிற்று, பார்வை குறுகிற்று. அங்கிருந்த சிஸ்ஸோ இரசாயன ஆலையின் மருத்துவமனைத் தலைவர் ஹோசோகவா. காரணம் விளங்காத நரம்பு நோயொன்று தோன்றியிருப்பதாக 1956 மே 1-ஆம் நாள் அம்மருத்துவமனை அரசின் சுகாதார நிலையத்துக்கு அறிவித்தது.

ஆலையில் அசிட்டால்டிஹைடு செய்யப் பாதரசம் பயன்பட்டது. அதிற் பிறந்த மெத்தில் பாதரசம் கழிவுநீரோடு கடலை அடைந்தது. சிற்றுயிரை மீன் உண்ண, அதைப் பெரிய மீன் உண்ண, நஞ்சு படிப்படியாகச் செறிந்தது. மீனின் தசையோடு பிணைந்துவிடுவதால், கழுவினாலும் கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. நிறமில்லை, நாற்றமில்லை. நோயின் குறி பெரிதும் தோன்றாத தாயின் வயிற்றிலிருந்த சிசுவையும் அது தாக்கிற்று.

1959-இல் ஹோசோகவா கழிவுநீர் கலந்த உணவைப் பூனையொன்றுக்கு ஊட்டினார். அதுவும் அதே நோயால் துடித்தது. ஆலையார் அம்முடிவை மறைத்தனர். அவரும் அன்று வாய் திறக்கவில்லை.

அவ்வாண்டு டிசம்பரில் ஆலையார் நோயாளிகளுடன் ஓர் உடன்படிக்கை செய்தனர். இறந்தவர் ஒருவருக்கு 3 இலட்சம் யென். நோய்க்குக் காரணம் ஆலையே எனப் பின்னர் தெரியவந்தாலும் மேற்கொண்டு எதுவும் கேட்கலாகாது என்பது நிபந்தனை. அத்தொகைக்கு அவர்கள் இட்ட பெயர் ‘மிமாய்கின்’. நோயுற்றாரை நலம் விசாரிக்கச் செல்வோர் கொடுக்கும் பணம் என்பது பொருள். கோப்புகளில் ‘கருணைத் தொகை’ என்று எழுதிப் பழகிய நமக்கு, அச்சொல் எதை மறைக்கிறதென்பது எளிதில் விளங்கும். இழப்பீடு என்றால் குற்றம் செய்தவர் ஒருவர் இருந்தாக வேண்டுமே!

பாதரசம் கொண்டு நடந்த அவ்வுற்பத்தி 1968 மே மாதம் நின்றது. நோய்க்கு ஆலையே காரணமென அரசு அறிவித்தது அவ்வாண்டு செப்டம்பரில். 1970-இல் ஹோசோகவா மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே பூனைச் சோதனையைப் பற்றிச் சாட்சியம் அளித்தார். 1973 மார்ச்சில் குமமோட்டோ நீதிமன்றம் ஆலையின் பொறுப்பை உறுதிசெய்து, பழைய உடன்படிக்கை நல்லொழுக்கத்துக்கு முரணானது, செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதைக் கேட்க ஹோசோகவா உயிரோடில்லை. சாட்சியம் அளித்த ஆண்டிலேயே அவர் மறைந்துவிட்டார்.