டெட்ராய்ட்டும் கார்க்கும்: இரு நகரங்களின் வாழ்க்கைச் செலவு

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டுச் சென்றவர் எவருக்கும் ஒரு கணக்கு நெஞ்சை விட்டு அகலுவதில்லை. இங்கே பெறும் சம்பளம் அங்கே எவ்வளவுக்குச் சமம் என்பதே அது. வெளிநாடாயின், நாணய மாற்று விகிதத்தால் பெருக்கிவிட்டால் விடை கிடைக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அத்துணை எளிதன்று. இக்கணக்கைப் பெருமுயற்சியுடன் செய்து பார்த்த வரலாறு ஒன்றுண்டு. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தைச் சேர்ந்த வில்லியம் ஃபோர்டு என்பார், பஞ்சம் தலைவிரித்தாடிய 1847 ஆம் ஆண்டில் குடும்பத்தோடு அமெரிக்கா சென்று மிச்சிகன் மாநிலத்தில் குடியேறினார். அவருடைய மைந்தரே மோட்டார்த் தொழிலில் உலகப் புகழெய்திய ஹென்றி ஃபோர்டு. 1914 ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 5 டாலர் ஊதியம் என்று அறிவித்து உலகை வியக்க வைத்தவர் அவர். 1917 ஆம் ஆண்டில் தம் தந்தையின் நாட்டுக் கார்க் நகரில் ஒரு தொழிற்சாலையை நிறுவினார். 1919 இல் அங்கிருந்து முதல் டிராக்டர் வெளிவந்தது. 1929 இல் டிராக்டர் உற்பத்தி அமெரிக்காவினின்று கார்க் நகருக்கு மாற்றப்பட்டது.

அவ்வாண்டிலேயே ஒரு வினா எழுந்தது. டெட்ராய்ட் தொழிலாளி வாழும் வாழ்வை ஐரோப்பியத் தொழிலாளியும் வாழ வேண்டுமாயின் அவனுக்கு என்ன ஊதியம் தரவேண்டும்? ஃபோர்டு நிறுவனத்தின் ஆங்கிலக் கிளை இவ்வினாவை ஜினீவாவிலுள்ள சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின்முன் வைத்தது. எட்வர்ட் ஃபைலீன் என்னும் பாஸ்டன் வணிகர் தோற்றுவித்த இருபதாம் நூற்றாண்டு நிதி ஆய்வுக்குப் பொருளுதவி செய்தது. கார்க், மான்செஸ்டர், பெர்லின் முதலிய நகரங்கள் ஆய்வில் இடம்பெற்றன.

முதலில் டெட்ராய்ட்டில் 100 தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தார் ஆராய்ந்தனர். குடும்பத்திற்குச் சராசரி 4.5 பேர். ஆண்டு வருமானம் ஏறக்குறைய 1,712 டாலர்; செலவு ஏறக்குறைய 1,720 டாலர். உயர்ந்த ஊதியத்திற்குப் பெயர்பெற்ற ஊரிலேயே வரவுக்கு மிஞ்சிய செலவு! தவணை முறையில் பொருள் வாங்கிய குடும்பங்களும் பல. அக்குடும்பங்கள் வாங்கிய பண்டங்களின் பட்டியலைக் கொண்டு ஐரோப்பிய நகரங்களில் விலை விசாரிக்கப்பட்டது.

இங்கேதான் சிக்கல் தோன்றிற்று. ஒரு நாட்டார் உண்பதை மற்றொரு நாட்டார் உண்பதில்லை. வீடும் எரிபொருளும் வேறு. கற்பனையான எடுத்துக்காட்டு ஒன்றால் இதனை விளக்குவோம். முதல் ஊரில் தேயிலைப் பொட்டலம் 1 ரூபாய், காப்பித்தூள் 3 ரூபாய். இரண்டாம் ஊரில் தேயிலை 3 ரூபாய், காப்பித்தூள் 1 ரூபாய் எனக் கொள்வோம். முதல் ஊரார் தேயிலை 10 பொட்டலமும் காப்பித்தூள் 2 பொட்டலமும் வாங்குவர். செலவு 16 ரூபாய். அதே பொருள்களை இரண்டாம் ஊரில் வாங்கினால் 32 ரூபாய். இரண்டாம் ஊரார் தேயிலை 2, காப்பித்தூள் 10 வாங்குவர். அவர்களுக்குத் தம் ஊரில் 16 ரூபாய், முதல் ஊரில் 32 ரூபாய். ஆகவே மற்ற ஊரே இருமடங்கு செலவுடையது என இருவரும் சாதிப்பர். இருவர் கூற்றும் மெய்யே! இத்தகைய இரு விடைகளையும் பெருக்கி வர்க்கமூலம் காணலாம் என்று இர்விங் ஃபிஷர் என்னும் பொருளாதார அறிஞர் 1922 இல் வெளியிட்ட நூலில் பரிந்துரைத்தார். அவ்வாறு காணின் நம் எடுத்துக்காட்டின் ஊர்கள் இரண்டும் சமமாகின்றன.

ஆய்வறிக்கை 1932 இல் வெளிவந்தது. அதற்குள் உலகப் பொருளாதார மந்தம் சூழ்ந்துவிட்டது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணயத் திட்டத்தைக் கைவிட, ஸ்டெர்லிங்கோடு பிணைந்திருந்த அயர்லாந்துப் பவுனும் டாலருக்கெதிராகச் சரிந்தது. டிராக்டர் உற்பத்தி சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் டாகன்ஹாமுக்குப் பெயர்ந்தது. கார்க் தொழிற்சாலை 1984 இல் மூடப்பட்டது. எனினும் எழுப்பிய வினா மறையவில்லை. 1968 இல் தொடங்கிய சர்வதேச ஒப்பீட்டுத் திட்டம் அதே வினாவை நாடுகளுக்கிடையே எழுப்பியது. அதன் முதற்கட்டத்தில் ஆராயப்பட்ட பத்து நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

நிற்க, இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? சிம்லாவிலுள்ள தொழிலாளர் அலுவலகம் 88 மையங்களுக்கு விலைக் குறியீட்டெண் வெளியிடுகிறது. ஒவ்வொரு மையத்திற்கும் 2016 ஆம் ஆண்டு நிலையே 100. ஆதலின் ஓர் ஊரின் எண் 140, மற்றோர் ஊரின் எண் 130 எனில், முன்னதில் விலை விரைந்து ஏறியது என்றுதான் பொருள். அவ்வூரே செலவு மிக்கது என்று பொருளன்று. காலத்தை அளக்கும் கோலால் இடத்தை அளத்தல் ஆகாது. இந்தக் குறியீட்டின் அகில இந்தியச் சராசரியைக் கொண்டே இரயில்வே ஊழியரின் பஞ்சப்படி கணக்கிடப்படுகிறது. எனவே எவ்வூரில் பணியாற்றினும் விழுக்காடு ஒன்றே. நகர ஈட்டுப்படி 2008 இல் போக்குவரத்துப் படியில் அடங்கிவிட்டபின், ஊருக்கு ஊர் உள்ள வேறுபாட்டைப் பெரும்பாலும் வீட்டு வாடகைப்படியே தாங்குகிறது.

எனவே அயலூர் வேலையை நாடும் நம் இளைஞர்கள், சம்பள எண்ணைக் கண்டு மயங்கவும் வேண்டா, வாடகையைக் கேட்டு மருளவும் வேண்டா. தம் குடும்பம் எதை உண்ணும், எங்கே உறையும், பெற்றோர்க்கு எவ்வளவு அனுப்பும் என்று முதலில் பட்டியல் எழுதுக. பின்னர் இரண்டு ஊர்களிலும் விலை விசாரித்து முடிவு செய்க.