பேரூர்ப் பள்ளுப்படலமும் ஊர்க்குடிகளும்

கோயமுத்தூருக்கு மேற்கே, காஞ்சி எனவும் நொய்யல் எனவும் வழங்கும் ஆற்றங்கரையில் விளங்குவது பேரூர். இதற்குத் தனித் தேவாரப் பதிகம் கிடைத்திலது. ஆயினும் ஆரூரர் தில்லைப் பதிகமொன்றில் மீகொங்கிலுள்ள இவ்வூரை எடுத்தோதினமையின் வைப்புத்தலமாம். மேலைச் சிதம்பரம் என்பாரும் உளர்.

பதினெட்டாம் நூற்றாண்டினராகிய கச்சியப்ப முனிவர் பேரூர்ப் புராணத்துப் பள்ளுப்படலம் என ஒன்று அமைத்தனர். வன்றொண்டர் வருகையை அறிந்த பட்டிப்பெருமான், பள்ளர் கோலங்கொண்டு, அம்மையொடு வயலிலிறங்கி நாற்று நட்டு நின்றார். தாம் இருக்குமிடம் சொல்லற்க என நந்தியெம்பெருமானைப் பணித்திருந்தார். நந்தியோ தொண்டர்க்குப் பொய் கூறவும் மாட்டாராய், ஆணை கடக்கவும் மாட்டாராய், கண்ணாற் குறிப்புக் காட்டினார். வெகுண்ட பெருமான் மண்வெட்டியால் அவர் முகவாயில் அடித்தனர் என்பது தலவரலாறு.

வயல் ஆன்மா, நாற்று ஞானம் எனத் தத்துவங்கூறி இதனைக் கடந்துசெல்வார் சிலர். அப்பொருள் மறுக்கற்பாலதன்று, ஆனால் அங்ஙனங் கூறுமிடத்துச் சேற்றில் நிற்கும் குடிகள் மறைந்துபோகின்றனர். ஊரில் அவர் மறைந்திலர். ஆனித்திங்களில் நிகழும் நாற்று நடவு விழாவில் தேவேந்திரகுலத்தாரே முன்னிற்கின்றனர்.

கொங்கிலே கோயில் வழிபாட்டிடம் மாத்திரமன்று. குடிகளின் உரிமைகளைப் பதிந்துவைக்கும் ஏடுமாம். கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிற் சுவரில் கோனேரின்மைகொண்டானது ஆணை ஒன்றுண்டு. வெங்கால நாட்டுக் கம்மாளர் மணத்திலும் சாவிலும் இரட்டைச் சங்கு ஊதலாம், முரசறையலாம், வெளிச்செல்லுங்கால் செருப்பு அணியலாம், மனைச்சுவருக்குச் சாந்து பூசலாம் என்பது அது. அதற்குமுன் இவை அவர்க்கு இல்லை என்பது தானே பெறப்படும். வாய்ச்சொல்லாகப் போகாமல் கல்லிலே நின்றமையால் அவ்வுரிமையைப் பின்னொருவர் மறுத்தல் அரிதாயிற்று.

நடவுசெய்வோர்க்கோ காலம் நெடிது தாழ்த்தது. ஆகமக் கோயில்களினுள்ளே அவர் புகுதல் பண்டை வழக்கில் இல்லை. இறைவன் தம் கோலம் பூண்ட கதை உள்ளே படிக்கப்பட, அக்கோலத்துக்குரியவர் புறத்தே நின்றனர். 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர், விலக்கப்பட்டிருந்த குலத்தார் சிலரை மதுரை மீனாட்சியம்மை கோயிலுள் அழைத்துச் சென்றார். 1947-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாண முழுதும் அதனை உரிமையாக்கிற்று. பள்ளுப்படலத்துக்குப் பயன்சொல்லி வந்த புலவர் பல்லோர், அப்படலத்தையே சான்றாகக் காட்டி இதனை முன்னரே கேட்டிருத்தல் கூடும். கேட்டாரைக் காண்டல் அரிது. இனி அதற்கு உரைவகுப்பார் அவ்விரண்டு ஆண்டுகளையும் உடன்குறித்தல் நன்று.