காவாலியும் சண்டியனும் காடையரும்

ஒரு சமுதாயம் தன் சான்றோரைப் போற்றுதற்கு வகுத்துக்கொண்ட சொற்களைப் புலவர்தம் நூல்களிற் காணலாம். தன் அமைதியைக் குலைப்போரைச் சுட்டுதற்கு அது வைத்திருக்கும் சொற்களையோ சந்தையிலும் தோட்ட வரம்பிலும் கோயில் வீதியிலுமே கேட்டறிதல் வேண்டும். சங்கர பண்டிதரும் அவர்தம் மைந்தர் சிவப்பிரகாச பண்டிதரும் வடமொழி தென்மொழி இரண்டினையும் வளர்த்த நீர்வேலியின் பெயர் தாங்கிய மலரில் இத்தகைய இழிசொற்களை ஆராய்தல் தகுமோ என ஐயுறுவார்க்கு, வள்ளுவரே தம் பொருட்பாலைக் கயமை என்னும் அதிகாரத்தோடு முடித்தார் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன்.

யாழ்ப்பாணத்தார் வழக்கில் இச்சொற்களுக்குத் தெளிவான படிமுறை உண்டு. எல்லாவற்றிலும் மென்மையானது குழப்படி. பிள்ளை மாமரத்தில் ஏறினாலும், பாடசாலையிற் பக்கத்திலிருப்பவனைக் கிள்ளினாலும், "சரியான குழப்படி" என்று தாய் சொல்லும்போது அதிற் கோபத்தினும் வாஞ்சையே மிகுதி. அப்பிள்ளை வளர்ந்து, வாலிபப் பருவத்திற் படிப்பையும் தொழிலையும் கைவிட்டு, மதகிற் குந்தியிருந்து போவார் வருவாரைப் பரிகசிக்கத் தொடங்கினால், வாஞ்சை விலகி, காவாலி என்னும் பட்டம் வந்து சேரும். இச்சொல் காபாலி என்பதன் திரிபாகலாம் என்பது என் அபிப்பிராயம். பாபம் பாவமானது போலப் பகரம் வகரமாதல் தமிழுக்குப் புதிதன்று. மண்டையோட்டைக் கையிலேந்திக் கள்ளுண்டு திரியும் காபாலிகனை ஏழாம் நூற்றாண்டிலேயே மகேந்திரவர்ம பல்லவன் தன் மத்தவிலாசப் பிரகசனத்தில் நகைப்புக்குரிய பாத்திரமாக்கிவிட்டான். சமயநெறி யொன்றின் பெயர் ஒழுக்கக்கேட்டின் பெயராக இழிந்ததற்கு அந்நாடகம் காட்டும் மனப்பான்மை போதிய காரணமாகும்.

சண்டியன் காவாலியினும் வேறானவன். சண்டம் என்னும் வடசொல்லின் கொடுமைப் பொருளைத் தாங்கிய இச்சொல், ஏரிற் பூட்டினால் நகர மறுக்கும் சண்டி மாட்டுக்கும், ஊராரை அச்சுறுத்தித் தன் காரியம் சாதிக்கும் மனிதனுக்கும் பொதுவாயிற்று. சிங்களவரும் அவனைச் சண்டியா என்றே அழைப்பர். சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்து இறுக்கிக் கட்டுதலைச் சண்டிக்கட்டு என்று நம்மவர் சொல்வதொன்றே, அவனுடைய தோற்றம் ஊரார் கண்ணில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்குச் சான்று. ஆயினும் சண்டியனுக்கு வீடு உண்டு, தாய் தகப்பன் உண்டு, கோயிலில் உபயம் உண்டு. அவன் எல்லை கடந்தால் யாரிடம் முறையிட வேண்டுமென்பதும் ஊராருக்குத் தெரியும்.

நீர்வேலியின் செம்மண்ணில் வாழை வைத்தவர்கள் கட்டாக்காலி என்னும் சொல்லை நன்கறிவர். காலி என்பது ஆநிரை. கட்டி வைக்கப்படாத காலி கட்டாக்காலி. வேலி பிரித்துத் தோட்டத்துட் புகும் அம்மாட்டின் பெயரையே அடங்காது திரியும் மனிதனுக்கும் இட்ட கமக்காரன், குற்றத்தின் ஒரு பகுதியைக் கட்டத் தவறியவன் தலையிலும் சுமத்திவிட்டான். மாட்டுக்கு உடையவன் ஒருவன் இருக்கிறான் என்பதை அச்சொல் மறக்க விடுவதில்லை. இவ்வழக்கின் நுண்மையை அகராதிகளிற் காண்டல் அரிது.

அட்டகாசத்தின் வரலாறு இன்னும் விசித்திரமானது. வடமொழியில் அது பெருநகை. முப்புரத்தை எரித்த இறைவனின் நகைக்கு உரிய சொல். தமிழ்ப் பேச்சில் அது கும்பலின் கூத்துக்கும் கொடுமைக்கும் பெயராயிற்று.

அட்டகாசம் ஒழிந்த இச்சொற்களெல்லாம் ஒருவனைச் சுட்டி, இன்னான் என்று காட்டுவன. காடையர் என்பதோ பெரும்பாலும் பன்மையிலேயே வழங்குவது. திண்ணைப் பேச்சைவிடப் பத்திரிகையிலும் வானொலியிலுமே மிகுதியாகக் கேட்கப்படுவது. 1956 ஜூன் 5ஆம் நாள் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்துக் காலிமுகத்திடலில் அமைதியாக அமர்ந்த சத்தியாக்கிரகிகளை அடித்தவர்கள் காடையர். 1958இலும் 1977இலும் தமிழர் வீடுகளைச் சூறையாடியவர்கள் காடையர். 1983 ஜூலையிற் கொழும்பைக் கொளுத்தியவர்களும் காடையரே என்று எழுதி வந்தோம். எழுதியவர்கள் வேதனையோடுதான் எழுதினார்கள். எனினும், அந்த ஜூலையில் வீடு வீடாகச் சென்றவர்கள் பலரின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. வெறிகொண்டு தெருவில் இறங்கிய வெறுங் காவாலிக்கு இடாப்பு எங்கிருந்து கிடைக்கும்? அதனைக் கொடுத்தவன் ஒருவன் இருந்தான். அவனைக் காடையர் என்னும் சொல் மறைத்துவிட்டது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைச் சொல்லும்போதும் இதே சொல் சிலருடைய எழுத்தில் தலைகாட்டுகிறது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அங்கே சாம்பலாயின. நல்லூர் ஞானப்பிரகாசர் வழியிற் சொற்பிறப்பு ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த தாவீது அடிகள், அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர் நீத்தார். சொற்களின் மூலத்தைத் தேடுவதிலே ஆயுளைக் கழித்த அப்பெரியாரின் மரணத்துக்குக் காரணமான செயலைப் பொருந்தாத சொல்லாற் குறிப்பிடுவதை என் மனம் பொறுக்கவில்லை. அந்நாட்களில் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலை முன்னிட்டுத் தெற்கிலிருந்து கொணரப்பட்டு நகரில் தங்கியிருந்த பொலிஸார் காடையரல்லர். அரசாங்கத்திடம் சம்பளம் பெற்று, சீருடை அணிந்து, மேலதிகாரியின் கட்டளைக்கு உட்பட்டிருந்தவர்கள்.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை, ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் குற்ற நோக்கத்தோடு கூடினால் அதனைச் சட்டவிரோதக் கூட்டம் என்று வகுத்து, அப்பொது நோக்கத்தை நிறைவேற்ற நிகழ்ந்த குற்றத்துக்குக் கூடியிருந்த ஒவ்வொருவரையும் பொறுப்பாளியாக்குகிறது. சட்டம் கூட்டத்திலிருந்து ஆளைப் பிரித்தெடுக்கிறது. நமது சொல்லோ ஆளைக் கூட்டத்தினுள்ளே கரைத்துவிடுகிறது.

ஆகவே, ஊர் வரலாறும் நாட்டு வரலாறும் எழுத முற்பட்டிருக்கும் இளைய எழுத்தாளர்களிடம் ஒன்று வேண்டுகிறேன். காடையர் என்று எழுதுமுன் அன்று அங்கே நின்றவர் யார், அவரை அனுப்பியவர் யார், தடுக்கும் அதிகாரம் இருந்தும் பார்த்து நின்றவர் யார் என்பதை ஆவணங்களிலும் கண்டவர் வாய்மொழியிலும் தேடுங்கள். தெரிந்தவரைப் பதவியோடும் பெயரோடும் எழுதுங்கள்.