கங்காணியின் நிழல்: 'எரியும் பனிக்காடு' நாவலும் 'பரதேசி' திரைப்படமும்

ஜொகூர் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தோருக்குக் 'கங்காணி' என்னும் சொல்லை அகராதி கொண்டு விளக்க வேண்டுவதில்லை. நம் பாட்டன்மாரை ஊரிலிருந்து அழைத்து வந்தவனும் அவனே. விடியுமுன் பிரட்டுக்களத்தில் நிறுத்தி எண்ணியவனும் அவனே. எண்ணிய ஆள்களுக்குத் தலைக்காசு பெற்றவனும் அவனே. ஆகவே, தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய ஒரு நாவலையும் அதனைத் தழுவிய திரைப்படத்தையும் அயலார் கதையாக நாம் காண இயலாது.

வால்பாறைத் தோட்டங்களில் 1940களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல், தாம் கண்டதையும் கேட்டதையும் கொண்டு ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' என்னும் நாவல் 1969இல் வெளிவந்தது. இரா. முருகவேள் அதனை 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கினார். அதனைத் தழுவி இயக்குநர் பாலா 2013இல் 'பரதேசி'யை உருவாக்கினார். ஒரே துயரத்துக்கு மூன்று தலைப்புகள்! முதலாவது, கோப்பையை ஏந்துபவரை நோக்கியது. நீர் பருகும் செம்மை எதன் செம்மை என்று வினவுவது. இரண்டாவது மலையை நோக்கியது. புறத்தே பனியில் நடுங்கி, அகத்தே மலேரியாக் காய்ச்சலில் எரியும் கூலியின் உடலையே அது ஒரு காடாகக் காட்டுகிறது. மூன்றாவதோ மனிதனையே நோக்கியது. சொந்த நாட்டிலேயே அவன் பரதேசி.

நாவலில் கருப்பனும் வள்ளியும் இணைந்தே மலையேறுகின்றனர். படத்திலோ, ஊரில் தண்டோரா போடும் இராசா, தன் அங்கம்மாவை விட்டுத் தனியே செல்கிறான். வழியில் நோயுற்று வீழ்ந்தவனைக் கைவிட்டுக் கூட்டம் நகர, அவன் கை மட்டும் மேலெழும் காட்சி, பக்கம் பக்கமான வருணனைக்கு ஈடானது. தப்பியோட முயன்ற இராசாவின் கால் நரம்பு அறுக்கப்படுகிறது. ஊர்ச் செய்தியைச் சுமந்து திரிந்த கால் அது என்பதை எண்ணும்போதே அக்கொடுமையின் முழுப்பொருள் விளங்கும்.

ஆயினும் ஒரு குறையைக் கூறாமல் இருக்க முடியவில்லை. நாவலில் மருத்துவர் ஆபிரகாம் மனச்சான்றின் குரலாக வருகிறார். மாற்றத்துக்கு ஒரு சிறு வாயில் திறக்கிறது. படமோ மருத்துவரை மதம் பரப்பும் கேலிப் பாத்திரமாக்கி, அவ்வாயிலை அடைத்துவிட்டது. இது மூலநூலுக்கு இழைத்த அநீதி என்றே கருதுகிறேன்.

படத்தின் கதை நிகழ்வது 1939இல். அதற்கு முந்திய ஆண்டிலேதான், 1938இல், மலாயாவுக்குக் கூலியாள்களை உதவிப் பயணமாக அனுப்புவதை இந்திய அரசு தடைசெய்தது. கடல்வழி அடைபட்டது, மலைவழியோ அடைபடவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம்மவரும் மலையேறிய அவர்களும் ஒரே வறட்சியின் மக்கள். முன்பணம் காட்டி அழைத்த முறையும் ஒன்றே.

இறுதிக் காட்சியில், புதிதாக வந்துசேரும் கூட்டத்தில் தன் மனைவியையும் மகனையும் கண்டு இராசா கதறுகிறான். நாவலில் இல்லாத இம்முடிவு மிகையென்று சிலர் கூறுவர். ஜொகூர்த் தோட்டமொன்றில் சிறு வயதிலேயே பால்வாளி தூக்கிய என் அன்னையார் அதனைப் பார்த்தபோது அழவில்லை. அந்தப் பிள்ளையின் பெயரை எத்தனை வயதில் செக்ரோலில் பதிந்திருப்பார்கள் என்று மட்டுமே கேட்டார்.