சூல்வித்தகமும் வாவிக்கரைத் தாய்மாரும்

மட்டக்களப்பு வாவி நிலத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரு கூறாக்குகின்றது. நகரும் பெரிய வைத்தியசாலையும் கிழக்கே அமைய, வயலும் குளமும் சார்ந்த ஊர்கள் மேற்கே பரந்துள்ளன. ஆதலால் இப்பிரதேசத்தில் ஒரு நோயின் வரலாறு மருந்தின் வரலாறாக மட்டும் அமைவதில்லை. துறைகளினதும் பாலங்களினதும் வரலாறாகவும் அமைகின்றது. கருவுற்ற தாய்மாருக்கு ஏற்படும் உயர் குருதியமுக்க நோய் இதற்குத் தக்க சான்றாகும்.

கருவுற்று 20 வாரங்களின் பின் குருதியமுக்கம் 140/90 என்னும் அளவை எட்டுதலும், சிறுநீரிற் புரதம் வெளிப்படுதலும் இந்நோயின் வழமையான குறிகள். முற்றினால் வலிப்புத் தோன்றித் தாயையும் சேயையும் மாய்க்கவல்லது. சூல்வித்தகம் நீங்கிய பின் நோய் பெரும்பாலும் தணிவதால், காரணமும் அங்கேயே உளதென மருத்துவர் கருதினர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதனைக் குருதி நச்சுறல் என்றே கொண்டனர். ஆயின் அந்நஞ்சு எதுவென எவராலும் காட்ட இயலவில்லை.

1948இல் ராப்போட், கிறீன், பேஜ் ஆகிய அமெரிக்க அறிஞர், குருதிக்குழாய்களைச் சுருக்கும் பொருளொன்றைக் குருதி நீர்ப்பாயத்திலிருந்து பிரித்தெடுத்துச் செரத்தோனின் எனப் பெயரிட்டனர். இதனைச் சிதைக்கும் மொனோஅமைன் ஒட்சிடேசு என்னும் நொதியம் சூல்வித்தகத்தில் மிகுதியாக உண்டு. எனவே, நொதியம் குன்றினாற் செரத்தோனின் பெருகும்; பெருகினாற் குழாய்கள் சுருங்கி அமுக்கம் உயரும் என்னும் கொள்கை எழுந்தது. தருக்கம் செம்மையானதே. ஆயினும் நொதியக் குறைவு நோயின் காரணமா, நலிந்த சூல்வித்தகத்தின் விளைவா என்னும் வினா எஞ்சிற்று. 2003இல், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற அனந்த் கருமாஞ்சியும் அவருடன் அமெரிக்காவிற் பணியாற்றியோரும், சூல்வித்தகம் மிகையாக வெளிவிடும் புரதமொன்று குருதிக்குழாய்களைப் பேணும் காரணிகளைத் தடுப்பதை எடுத்துக்காட்டினர். ஆய்வின் நோக்கு அத்திசையிற் பெயர்ந்தது.

கொள்கைகள் இவ்வாறு மாறிவந்த காலத்திலேயே தாய்மாரின் உயிர்கள் காக்கப்பட்டன என்பது நோக்கற்பாலது. 1930களில் இலங்கையில் இலட்சம் பிறப்புக்களுக்கு ஏறத்தாழ 2000 தாய்மார் மாண்டனர். 2010களில் அத்தொகை 40இலும் குறைந்தது. 1926இற் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் பரவி, பயிற்சி பெற்ற மருத்துவமாதை வீட்டு வாயிலுக்குக் கொணர்ந்தது. இலவச மருத்துவமும் மலேரியா ஒழிப்பும் உடன் துணைநின்றன. அமுக்கமானியும் சிறுநீர்ச் சோதனையும் காரணத்தை விளக்கவில்லை, ஆபத்தை முன்னறிவித்தன. 33 நாடுகளில் 10,000இற்கு மேற்பட்ட தாய்மாரிடை நடந்து 2002இல் வெளியான ஆய்வு, மகனீசியம் சல்பேற்று வலிப்பு நேரும் வாய்ப்பைப் பாதிக்கு மேற் குறைப்பதை நிறுவியது. அம்மருந்து தொழிற்படும் வகையோ இன்றும் முற்றாக விளங்கவில்லை.

எனினும் மருந்து உளதாதல் வேறு, தாயை அடைதல் வேறு. கொக்கட்டிச்சோலைப் பகுதியார் மண்முனைத்துறையில் வாவியைக் கடக்க, 2014 வரை ‘பாதை’ எனப்பட்ட மிதவையையே நம்பியிருந்தனர். போர்க்காலத்திற் சோதனைச்சாவடிகளும் இரவுத் தடைகளும் வழியை மேலும் நீளச்செய்தன. வலிப்போ விடியும்வரை பொறுப்பதன்று. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டமை, எனவே, போக்குவரத்து வரலாற்றில் மட்டுமன்றி இப்பிரதேசத்தின் மருத்துவ வரலாற்றிலும் இடம்பெறவேண்டிய நிகழ்ச்சியாகும்.

ஆய்வுகூடம் நோயின் காரணத்தைத் தேடட்டும்; அத்தேட்டம் இன்றியமையாதது. ஆயின் ஒரு சமுதாயம் தன் தாய்மாரைக் காப்பதற்கு அத்தேட்டம் முடியும்வரை காத்திருத்தல் வேண்டுவதில்லை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.